இடுப்பு ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நாட்கள்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை அக்கா:

எனக்கு வயது 61. கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவில் ஆற்றங்கரை கிராமம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம் நன்றாக இருந்தேன், பிறகு முதுகெலும்பில் திரும்ப வந்தது. அதற்கு இரண்டு மாத்திரை: தினமும் லெட்ரோசோல், இன்னொன்று பால்போசிக்ளிப், அதை 21 நாள் போட்டு 7 நாள் இடைவெளி. எலும்புக்கு மூன்று மாதத்துக்கொரு தடவை சோலெட்ரானிக் ஆசிட் டிரிப். நோய் அடங்கித்தான் இருக்கிறது. என்னைப் படுத்துவது இடது இடுப்பு.

வலி வந்ததும் அங்கேயும் பரவிவிட்டதோ என்று வீடே பயந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பரவல் இல்லை, மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார்கள். அன்று மாலை மருமகள் பாயசம் வைத்தாள்.

முதலில் பார்த்த எலும்பு டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகனிடம், "அம்மாவுக்கு இருக்கிற வியாதிக்கு மூட்டு மாத்தி என்ன பண்ணப் போறீங்க? வலி மாத்திரையில ஓட்டுங்க" என்றார். இத்தனை வைத்தியத்தில் எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான். இன்னும் சில வருஷம் உயிரோடு இருக்கப் போகிறவளுக்குக் கால் வேண்டாமா?

கேன்சர் டாக்டரிடம் சொன்னோம். அவர் அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார்: நோய் கட்டுக்குள் இருக்கிறது, நடமாட்டம் இருந்தால்தான் மருந்தைத் தாங்குவார், மூட்டு மாற்றலாம். அந்தக் கடிதத்தோடுதான் திருச்சியில் இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். அவர் முடியாது என்று சொல்லவில்லை, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னார். தொடையெலும்பு முழுசுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். புது மூட்டின் தண்டு எலும்புக்குள் இறங்குமாம், கீழே எங்காவது நோய்ப் புள்ளி இருந்தால் அந்த இடத்தில் முறிந்துவிடுமாம். பால்போசிக்ளிப் வெள்ளை அணுவைக் குறைக்கும், அதனால் அதை நிறுத்தி, கவுன்ட் ஏறின பிறகுதான் தேதி.

இழுத்தடித்தது பல். கடைவாய்ப் பல்லில் சீழ் இருந்தது. வாயில் சீழை வைத்துக்கொண்டு மூட்டு வைத்தால் கிருமி ரத்தத்தில் போய் புது மூட்டில் உட்கார்ந்துவிடும், பல்லைச் சரி பண்ணிவிட்டு வாங்க என்றார் திருச்சி டாக்டர். பிடுங்கக் கூடாது, சோலெட்ரானிக் ஆசிட் போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கின இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்றார் பல் டாக்டர். நடுவில் இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் மகன் ஒருவர் போனில் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தான். பத்து நிமிஷப் பேச்சு. பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்வதென்று முடிவானது. சோலெட்ரானிக் ஆசிட் போடுகிற யாராக இருந்தாலும் பல் டாக்டரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

போன ஆடிப்பெருக்குக்கு நான் படித்துறையில் இறங்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இறங்காத வருஷம் இல்லை. மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கீழே காப்பரிசி வைத்துப் படைக்கிறார்கள், எனக்குத் தலைகள் மட்டும் தெரிகின்றன. பேத்தி சின்னச் சொம்பில் தண்ணீர் மொண்டு, பாதி சிந்திக்கொண்டே படியேறி வந்து என் இடது பாதத்தில் ஊற்றினாள். அந்தப் பாதத்தை நானே தொட்டு ஒரு வருஷம் ஆகிறது. நகம்கூட மருமகள்தான் வெட்டிவிடுகிறாள்.

இப்படிக் காத்திருந்தவர்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

திருத்துறைப்பூண்டி தம்பி:

வணக்கம் அக்கா. அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா, ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. அதற்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தொடர்ந்து போட்டதில் இடுப்புப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிட்டது. அவர் விவசாயி. குறுவை நடவுக்கு வரப்பில் நிற்க முடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர். பதினோரு மாதம் காத்திருந்தோம்.

கட்டிலின் நாலு காலுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். தாழ்ந்த இடத்திலிருந்து எழும்போதுதான் வலி உயிர் போகும். கழிவறைக்கு நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி. ஆபரேஷனுக்குப் பிறகும் குந்தவோ சம்மணம் போடவோ வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், அதனால் அந்தச் செலவு வீணாகாது. கைக்கம்பு வலி இல்லாத பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். அப்பா ஆறு மாதம் வலிக்கிற பக்கமே பிடித்திருந்தார், பிசியோதெரபி பெண்தான் மாற்றிவிட்டார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்கும் ரத்தம் உறையும், இடுப்பு ஆபரேஷனுக்கும் உறையும். அப்பா சாப்பிட்ட லெனலிடோமைடும் அதைக் கூட்டுகிற மருந்து. அதனால் அதை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றில் தினம் ஒரு ஊசி போட்டோம். காலில் திடீர் வீக்கமோ மூச்சிரைப்போ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் ஆபரேஷன் செய்தோம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. கீமோவுக்கு எவ்வளவு கழிந்தது என்று காப்பீட்டு கவுன்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாயவரம் மாமி:

புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கோ. நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. ஸ்டேஷன் கவுன்டரில் எடுக்கணும். இடுப்பு வலிக்காரர் என்று சொல்லிக் கீழ் பர்த் கேளுங்கோ.

காவிரிக்கரை அக்கா:

தம்பி, இன்றே கம்பைக் கை மாற்றிப் பிடித்தேன். வாசல் நிலைப்படி தாண்டும்போதே வித்தியாசம் தெரிகிறது. பால்போசிக்ளிப் நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது, வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கிறேன். கவுன்ட் வந்ததும் எழுதுகிறேன்.