அல்கராஸ் வீழ்த்தினது மூணு விமானமா?

நங்கூரம்: ரெண்டாம் உலகப்போர்ல பிலிப்பைன்ஸோட டார்பிடோ (தண்ணிக்கடியில பாயுற குண்டு) படகை ஓட்டின அதிகாரி ரமோன் அல்கராஸ் "மூணு ஜப்பான் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினவர்"னு நேத்து இங்க ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். 1942 ஜனவரி 17, மணிலா விரிகுடா, வந்தது ஒன்பது விமானம். சரி. மூணு விழுந்ததை யார் பார்த்தது? அடிபட்டது வேற, விழுந்தது வேற.

பாய்மரம்: எழுதினது நான்தான். பிலிப்பைன்ஸ்ல எல்லாரும் மூணுன்னுதான் சொல்றாங்க. அமெரிக்கக் கடலோரக் காவல்படையோட 'டல்லஸ்' கப்பலை வாங்கி அவர் பேரையே வெச்சாங்க. சும்மாவா?

நங்கூரம்: கப்பலுக்குப் பேர் வெச்சா விமானம் விழுந்துடுமா? அவர் ஓட்டினது கியூ-112 'ஆப்ரா'. பிரிட்டிஷ் படகுக் கம்பெனி தார்னிகிராஃப்ட் கட்டின 55 அடிப் படகு. அடிப்பாகத்துல படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு இருக்கும். முழு வேகத்துல மூக்கைத் தூக்கிக்கிட்டு அலை அலையா மோதித்தான் போகும். பாய்ஞ்சு இறங்குற விமானத்தைச் சுட, குறியை அதுக்கு முன்னாடி வெக்கணும். படகு ஒரு துள்ளு துள்ளினா குறி போச்சு. போதாததுக்கு நாலு பேர் ஒரே விமானத்தைச் சுடுவாங்க, புகை கிளம்பினதும் ஆளுக்கு ஒண்ணுன்னு எண்ணுவாங்க. புகையோட மலைக்குப் பின்னாடி மறைஞ்சதும் 'விழுந்தது' கணக்குல ஏறிடும்.

அலைதாங்கி: வீழ்த்துறதுன்னா எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்களேன். திரும்பிப் போற வழியில கடல்ல விழுந்தா சேர்த்தியா, இல்லையா?

பாய்மரம்: மூணுன்னா மூணுதான். அந்த வகைப் படகுல டார்பிடோவைப் பின்பக்கமாத் தள்ளுவாங்க, வால்தான் முதல்ல தண்ணியில விழும். ஆனா அது படகு போற திசையிலேயே பாய்ஞ்சு வரும்; உடனே சுக்கானைத் திருப்பி விலகலேன்னா சொந்தப் படகுலேயே இடிக்கும். அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு மூணு விமானம் பெரிசா?

நங்கூரம்: டார்பிடோவுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவோட 'பி.டி.' (PT) டார்பிடோ படகும் இதுவும் ஒண்ணுன்னு போன மாசம் எழுதினவர்தானே நீங்க?

பாய்மரம்: அதைத் திருத்திட்டேன். இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக் காட்டுவீங்க?

செம்பரிதி: மூணுலேயே தொங்குறீங்களே! 1942 ஏப்ரல் 9 பட்டான் தீபகற்பம் ஜப்பான்கிட்ட விழுந்ததும் முற்றுகையைத் தாண்டப் பார்த்தார், முடியலை. எதிரி கைக்குப் போகாம படகை அழிச்சார், பிடிபட்டார். ஜப்பான்காரங்க நடத்தின கான்ஸ்டபுலரிங்கிற போலீஸ் படையில இருந்துக்கிட்டே கொரில்லா வேலை பார்த்தார். பிடிபட்டா தலை போயிருக்கும். அதைப் பேச ஒருத்தரும் இல்லை.

பாய்மரம்: கான்ஸ்டபுலரின்னு இழுத்து அவரைத் துரோகி ஆக்கப் பார்க்குறீங்களா?

செம்பரிதி: அப்படி எந்த வரியில சொன்னேன்? காட்டுங்க.

நங்கூரம்: அதுக்குத் தனித் திரி போடுங்க. விமானம் வந்த அன்னிக்கு, இன்னொரு அதிகாரி நவரேட்டே ஓட்டின கியூ-111 படகும் கூடவே இருந்தது. அப்போ அந்த மூணுல யாருக்கு எத்தனை? கேட்டு எவ்வளவு நேரமாச்சு?

பாய்மரம்: மூணு. நாளைக்கும் இதையேதான் எழுதுவேன்.