‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்குத் தமிழ்: மோட்டார் கையேட்டு மொழிபெயர்ப்பில் உதவி தேவை

வணக்கம். கோவையில் தயாராகும் 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் நீர்மூழ்கி மோட்டாரின் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலையில், ‘ரன்’ என்னும் வினைச்சொல் வரும் இடங்களில் இரண்டு வாரமாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

மோட்டார் ரன் ஆவதை ‘ஓடுகிறது’ என்று எழுதிவிட்டேன். கேபிளைக் குழாயோடு ரன் செய்யச் சொல்லும் இடத்தில், கேபிள் ஓடாது என்பதால், ‘குழாயை ஒட்டிக் கொண்டுசென்று கட்டவும்’ என மாற்றினேன். ‘ட்ரை ரன்’ என்பதற்கு ‘வறண்ட ஓட்டம்’ என்று எழுதி, படித்துப் பார்த்து நானே சிரித்துவிட்டு, ‘தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள்’ என்று திருத்தினேன்.

தீராமல் நிற்பது ‘ரன் கெப்பாசிட்டர்’ மட்டுமே. கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள இரண்டு கெப்பாசிட்டர்களில் (மின்தேக்கிகளில்), ஸ்டார்ட் கெப்பாசிட்டர் மோட்டார் வேகமெடுத்ததும் இணைப்பிலிருந்து விலகிவிடும். ரன் கெப்பாசிட்டரோ மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் இணைப்பிலேயே இருக்கும். ‘ஓட்ட மின்தேக்கி’ என்றால் மின்னோட்டத்தோடு குழம்புகிறது. ‘இயக்க மின்தேக்கி’ என்றால் மோட்டாரைத் தொடங்கி வைப்பது என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது, அதுவோ ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் வேலை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இவ்வினைக்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்களைத் தருவது எனக்கு ஆறுதலாக இல்லை. காயில் கட்டும் கடையில் கேட்டதற்கு, “ரன்னிங் கெப்பாசிட்டர்னே போடுங்க சார், எல்லாருக்கும் புரியும்” என்றார்கள். வேலை கொடுத்தவர்களோ தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்கிறார்கள்.

மெக்கானிக்கும் விவசாயியும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரோடு குழப்பிக்கொள்ளாதபடி, ‘ரன் கெப்பாசிட்டர்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை இடலாம்?