பாரம்பரியக் கட்டட மதிலோரம் ஜியோகேச்: அம்புக்குறி ஓரிடத்தில் நிற்கவில்லை

பெட்டிதேடி:
புறநகரில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஒரு கல் கட்டடம். அதன் மதிலோரம் ஒரு மைக்ரோ கேச், அதாவது ஜியோகேச்சிங் விளையாட்டில் ஜிபிஎஸ் வைத்துத் தேடும், ஒளித்து வைத்த மிகச் சிறிய பெட்டி. அருகே போனதும் போனில் அம்புக்குறி மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுகிறது. குறிப்பில் இருப்பது "கல்லருகே" என்ற ஒரே சொல். இருப்பதெல்லாம் கல்தானே! கல் இடுக்குகளில் காரையை யாரோ சுரண்டியதுபோலவும் தெரிகிறது. எப்படித் தேடுவது?

வடமுனை:
செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கணக்கு பிசகுகிறது. வெட்டவெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியம் காட்டும் போன்கூட உயரமான சுவரோரம் அதைவிட அதிகமாகத் தடுமாறும். 30 மீட்டர் தள்ளி நின்று திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேறொரு பக்கத்திலிருந்து அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடினால் போதும்.

கோஆர்டினேட்டை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) கையால் அடித்தீர்களா? அதில் பாகைக்கு அடுத்து வரும் 30.500 என்பது முப்பதரை நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்). அதை 30 நிமிடம் 50 விநாடி என்று போட்டால், வடக்கு தெற்காக 600 மீட்டருக்கு மேல் விலகிவிடும்.

காரைக்கை:
முதலில் மதிலிலிருந்து கையை எடுங்கள். பழைய கல் சுவரில் சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையாக இருக்கும். சுவருக்குள் போன ஈரம் அந்த இடுக்குகள் வழியாகத்தான் வெளியேறும். சுரண்டினால் மழைநீர் உள்ளே இறங்கும். அந்த ஓட்டையைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, கல்லே உதிர ஆரம்பிக்கும். ஒளித்து வைப்பதிலும் சரி, தேடுவதிலும் சரி, எதையும் சேதப்படுத்தக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி. 'கிடைக்கவில்லை' என்று பதிவிட்டு, சுரண்டிய இடத்தின் படத்தை கேச் வைத்தவருக்குத் தனியாக அனுப்புங்கள். பதில் வராவிட்டால், கேச்களைச் சரிபார்த்து வெளியிடும் மதிப்பாய்வாளருக்குத் தெரியப்படுத்துங்கள்.

பெட்டிதேடி:
பதில் வந்தது. பெட்டி மதிலிலேயே இல்லையாம், எதிரே உள்ள கம்பி வேலியில் இருக்கிறதாம்! இப்போதைக்கு கேச்சை நிறுத்திவைத்திருக்கிறார். வேறு எப்படி வைக்கலாம் என்று கேட்கிறார்.

வடமுனை:
மல்டி கேச்சாக (பல கட்டங்களைக் கடந்து கடைசிப் பெட்டியை அடையும் வகை) புதிதாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கட்டடத்தில் பெட்டியே வேண்டாம். வாசல் மேல் செதுக்கிய ஆண்டு, தூண்களின் எண்ணிக்கை இவற்றிலிருந்து கடைசி இடத்தைக் கணக்கிட வைக்கலாம். கேச்களுக்கு இடையே 161 மீட்டர் விட வேண்டும் என்ற விதி பெட்டி வைக்கும் இடங்களுக்குத்தான், பார்த்து எண்ணும் கட்டங்களுக்கு இல்லை. கடைசிப் பெட்டியை அனுமதி வாங்கி, கட்டடத்தை விட்டுத் தள்ளி வைக்கட்டும்.

காரைக்கை:
தெருவில் நின்றே படிக்க முடிகிற தகவலாக எடுக்கச் சொல்லுங்கள். மாற்றுத் தகவல் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். பழுதுபார்க்கச் சாரம் கட்டினால் வாசல் மேல் செதுக்கிய ஆண்டு மாதக்கணக்கில் மறைந்துவிடும்.