வீட்டுத் தொட்டியில் சுறா: வளர்த்தவர்கள், பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வில்லிவாக்கம் கெளுத்தி

தலைப்பைப் பார்த்ததும் அக்கா வீட்டுத் தீபாவளிதான் ஞாபகம் வந்தது. ஹாலில் 4 அடி தொட்டி, அதில் மூன்று ஒயிட் சார்க். கொளத்தூர் வண்ண மீன் கடையில் விரல் நீளத்தில் வாங்கியவை, அதற்குள் ஒரு முழத்தைத் தொட்டிருந்தன. எதிர்வீட்டில் ஆயிரம் வாலா பற்றவைத்தார்கள். நாலு வெடி வெடிப்பதற்குள் பெரியது கிளம்பிவிட்டது. இந்தக் கண்ணாடியில் ஒரு மோதல், திரும்பி அந்தக் கண்ணாடியில் ஒரு மோதல். ‘தொம்’ என்ற சத்தம் வெடியையும் மீறிக் கேட்டது, ஸ்டாண்டே ஆடியது. ஹீட்டர் உடைந்தது. மாமா பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினார்.

அப்புறம் பார்த்தால் மீன் அடியில் மல்லாந்து கிடக்கிறது, மூக்கெல்லாம் ரத்தச் சிவப்பு. அக்கா மகன் அழுதுகொண்டே வலையைக் கொண்டு வந்தான். வலை மேலே பட்டதும் எழுந்து நீந்த ஆரம்பித்துவிட்டது! பயந்தால் கண்மண் தெரியாமல் ஓடுவதும், பிறகு செத்ததாகக் கிடப்பதும் இந்த மீனின் சுபாவமாம். இருந்தாலும் அந்த ‘தொம்’ எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

உப்புத்தண்ணி (பினாங்கு)

நண்பரே, கேள்வி சுறாவைப் பற்றி. நீங்கள் சொல்லும் ஒயிட் சார்க் பேரில்தான் சார்க், அது மீகாங் ஆற்றுக் கெளுத்தி. நம் ஊரில் பாசா என்று பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் அதன் சதைதான். நான் வளர்த்தது நிஜச் சுறா, பாம்பூ சார்க்.

முட்டையாகத்தான் வாங்கினேன். விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாக, தட்டையான பழுப்பு உறை. ராத்திரி பின்னால் டார்ச் பிடித்தால் உள்ளே மஞ்சள் கருவும், அதோடு ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டியபடியே இருக்கும் குஞ்சும் தெரியும். உறைக்குள் தண்ணீர் ஓடவேண்டும் என்பதால் அந்த வாலாட்டம் நிற்பதே இல்லை. ஆனால் தின்ன வரும் மீன் நெருங்கினால், அதன் மின்புலத்தை உள்ளிருந்தபடியே உணர்ந்து, மூச்சையும் நிறுத்திக்கொண்டு அசையாமல் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் செயற்கை மின்புலம் வைத்துச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வெளியே வராத குஞ்சுக்கு எவ்வளவு விவரம் பாருங்கள்.

பொரிய நாலு மாதம் போல ஆகும். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட ஒரு சாண் குஞ்சு வந்தது. இறால், கணவாய்த் துண்டு என்று தின்று இரண்டு அடியை நெருங்கியபோது, என் 6 அடி தொட்டியில் அது திரும்புவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொட்டி அகலம் 2 அடி. உடம்பை முழுசாக மடித்துத்தான் திரும்ப முடியும், ஒவ்வொரு தடவையும் மூக்கு கண்ணாடியில் உரசும். பகலெல்லாம் படுத்துக் கிடக்கும், விளக்கை அணைத்தால் விடியும்வரை அதே உரசல். பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். 6 அடி தொட்டி இப்போது ஸ்டோர் ரூமில் சும்மா கிடக்கிறது.

வலைக்காரன் (தூத்துக்குடி)

இந்த வரிச்சுறா எங்களுக்கு இழுவலையில் வரும். கரைக்கு வந்து கூடையில் கொட்டிய பிறகும் வாயைத் திறந்து திறந்து மூடும், லேசில் சாகாது. ஒருநாள் கார் எடுத்துக்கொண்டு ஒருத்தர் வந்தார், உயிரோடு இருப்பது ஒன்று வேண்டும் என்றார். டப்பில் கடல்தண்ணீர் பிடித்து ஒன்றை விட்டுக் கொடுத்தோம். அவருக்குப் பொறுக்கவில்லை, கையில் தூக்கிவிட்டார். உப்புத்தாள் மாதிரித் தோல் அதற்கு. சுருண்டு ஒரு தேய் தேய்த்ததில் மணிக்கட்டு வழண்டுவிட்டது. மனிதர் சிரிக்கிறார்! ரத்தம் கசியக் கசியச் சிரித்துக்கொண்டே ஐஸ் பெட்டியில் தண்ணீரோடு வைத்து மதுரைக்குக் கொண்டு போனார்.

வீட்டில் சொன்னேன். “பால்சுறா என்றால் புட்டு வைக்கலாம், இதை வைத்து என்ன பண்ணுவாராம்?” என்று அம்மா கேட்டாள். போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆள் சிரித்தது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

கட்டுமானம்

மூன்றாவது மாடியில் ஒரு வீடு. சுறாத்தொட்டி வைக்க நடு ஹாலில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 8 அடிக்கு 4 அடி. கோட்டைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. என் அனுபவம் அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் சுமார் 1800 லிட்டர். தண்ணீர் மட்டுமே 1.8 டன், கடல்தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட், மணல், கீழே தண்ணீர் வடிகட்டும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்ந்தால் இரண்டரை டன் பக்கம் போகும். இது உட்காரும் இடம் 3 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 800 கிலோ. வீட்டுத் தளத்தில் ஆள், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் எடுக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ. உடனே இடிந்து விழும் என்று பயமுறுத்தவில்லை. ஸ்லாப் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும், தொட்டியின் மட்டம் போகும், ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் விடும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவார். ஸ்லாப் நடுவில் வைக்கவே கூடாது, அடியில் பீம் எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பால்கனியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தரைத்தளம் இருந்தால் அங்கே வையுங்கள், இல்லாவிட்டால் சின்னக் கப்பி மீன் வளருங்கள்.

சம்ப்

கட்டுமானம் சார், தளம் தாங்கிவிடும், மீன் தாங்க வேண்டுமே. நண்பர் வீட்டுக் கடல்தொட்டியில் டாங் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. கடையில் கேட்டதற்குக் காப்பர் மருந்து கொடுத்துவிட்டார்கள். கூடவே பாம்பூ சார்க் இருப்பது தெரிந்தே கொடுத்தார்கள். டாங் தேறிவிட்டது. சுறா அன்று ராத்திரி தலையை மேலே தூக்கித் தூக்கி மணலில் தொப்பென்று விழுந்துகொண்டே இருந்தது. நாங்கள் தண்ணீர் மாற்றி மாற்றிப் பார்த்தோம், விடியும் முன் முடிந்துவிட்டது. டாங்குக்கு மருந்தாகும் காப்பர் சுறாவுக்கு விஷம். மீன் கழிவால் தண்ணீரில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனால் தாடைக்கு அடியில் கழலை வரும், அதற்கு அயோடின் பார்க்க வேண்டும். இதில் எதையாவது முட்டை விற்கிறவர் சொல்கிறாரா? உப்புத்தண்ணி அவர்களே, உங்களுக்காவது சொன்னார்களா?

கொளத்தூர்வாசி

எல்லாப் பழியும் கடைக்காரன் தலையிலா? நான் கடையில்தான் நிற்கிறேன். “அண்ணா, இது பெரிசாகும், உங்கள் தொட்டி பத்தாது” என்று சொன்னால், “பரவாயில்ல, ரெண்டு ஜோடி குடுங்க” என்பார்கள். போன மழைக்காலத்தில் ஒரு அம்மா ஸ்கூட்டியில் பெயின்ட் வாளியோடு வந்தார். உள்ளே இரண்டடி சார்க் கெளுத்தி, வளைந்து வாளியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு கிடந்தது, வால் வெளியே. மேலே ஈரத் துண்டு. “பேரு டைசன். திருப்பி எடுத்துக்கோங்க தம்பி, காசு வேணாம்” என்றார். எங்களிடம் அந்த அளவுக்குத் தொட்டி இல்லை. “அப்ப போரூர் ஏரியில விட்டுடவா?” என்று கேட்டார். அதைக் கேட்டதும் வாளியை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். நம் ஏரிகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சக்கர் மீனும் படுத்துகிற பாடு போதாதா. டைசன் இப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒருவர் தோட்டத்து சிமென்ட் தொட்டியில் இருக்கிறது. 130 செ.மீ., 44 கிலோ வரை போகிற ஜாதி, அங்கேயும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

வில்லிவாக்கம் கெளுத்தி

கொளத்தூர்வாசி அண்ணா, அக்கா வாங்கும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. “நல்லா போல்டான மீன்” என்றுதான் கொடுத்தார்கள். பட்டாசுக்கே இந்தப் பாடு, இதில் போல்டாம்.

கரையோரம்

வீட்டை விடுங்கள். கலிபோர்னியாவில் மான்டெரே பே அக்வேரியம் 2004ல் ஒரு இளம் பெரு வெள்ளைச் சுறாவை வைத்துப் பார்த்தது, சுமார் 38 லட்சம் லிட்டர் தொட்டியில். 198 நாள் இருந்தது. கடைசியில் கூட இருந்த சுறாக்களைக் கடிக்க ஆரம்பித்ததும் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் சில வெள்ளைச் சுறாக்களை வைத்துப் பார்த்தார்கள், 2011க்குப் பிறகு அந்த முயற்சியே இல்லை.

சம்ப்

கரையோரம், பெரு வெள்ளையை யாரும் வீட்டில் வைக்கப் போவதில்லை. ஒப்பிட வேண்டுமானால் கறுப்புமுனைச் சுறாவைச் சொல்லுங்கள், அதைத்தான் பணம் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். பாம்பூ சார்க் படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்து மூச்சு விடும். கறுப்புமுனை நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். மூலை இருக்கிற தொட்டி எதுவுமே அதற்கு ஆகாது.

உப்புத்தண்ணி (பினாங்கு)

சம்ப், எனக்குக் கடையில் சொன்னது ஒன்றே ஒன்று: “பொரிந்ததும் சில நாள் தின்னாது, பயப்படாதீர்கள்.” அது மட்டும் சரியாக இருந்தது.

பட்டர்வொர்த் ராஜா

சுறாக் கதை எல்லாம் இருக்கட்டும். உப்புத்தண்ணி அண்ணே, அந்த 6 அடி தொட்டி விற்பீர்களா? கண்ணாடி 12 மில்லியா, 15ஆ? ஸ்டாண்டும் சேர்த்து விலை சொல்லுங்கள், பாலம் தாண்டி லாரியோடு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கோய் மீன் விடத்தான், சத்தியமாகச் சுறா இல்லை.