மின்வாரியம் தனியாரிடம் இருந்திருந்தால் கஜாவில் என்ன ஆகியிருக்கும்?

மழைக்கோட்டு: மின்வாரியம் நஷ்டத்தில் ஓடுகிறது, தனியாருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆபீசில் ஒரே பேச்சு. 2018ல் கஜா புயலைப் பார்த்த டெல்டா ஆட்கள் என்ன சொல்கிறீர்கள்?

வயக்காட்டான்: நவம்பர் 16 விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துபோன புயல் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டது. வெளி மாவட்டங்களிலிருந்து, ஏன் கேரளாவிலிருந்துகூட ஆட்கள் வந்து, வண்டி போகாத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். நாலு வீடும் ஒரு பம்புசெட்டும் இருக்கிற இடத்துக்கு லாபம் பார்க்கிற கம்பெனி இப்படி வருமா?

திண்ணை: சரி, வந்தார்கள். உள்ளடங்கிய கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனதே, அதையும் சொல்லுங்கள்.

வயக்காட்டான்: ஆனதுதான். வேலை அவ்வளவு. அப்புறம் மழைக்கோட்டு, கம்பம் நட்டவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதைப் பற்றி உங்கள் ஆபீசில் யாராவது பேசினார்களா?