மெர்பாவ் மரத் தளத்தில் கரும்புள்ளி, மேலே எண்ணெய் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

தாமான் வாசி

வணக்கம். வீடு மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பக்கம். பின்வாசலில் அப்பா ஆசைப்பட்டுப் போட்ட மெர்பாவ் மரத் தளம் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் ஆள் வைத்து, வாட்டர்ஜெட் அடித்து, டெக் எண்ணெய் பூச வைத்தோம். வந்தவர் மறுநாளே இரண்டாவது கோட்டும் தடிப்பாக அடித்துவிட்டு, "காய்ந்துவிடும்" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னும் காயவில்லை. வெயில் ஏறினால் சிலிப்பர் ஒட்டிக்கொண்டு 'சப் சப்' என்று சத்தம் போடுகிறது. தூசியெல்லாம் அதிலேயே படிந்துவிட்டது.

அதைவிடப் பெரிய கவலை, தளம் முழுக்கக் கடுகு தூவியதுபோல் கரும்புள்ளி. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பச்சைப் பாசி வேறு. அம்மா கிளோராக்ஸ் (குளோரின் ப்ளீச்) ஊற்றித் தேய் என்கிறார். ஹார்ட்வேர் கடையில் மேலே வார்னிஷ் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பழைய தோட்டத்து ஆள்

கறைக்கு ஆசிட்தான். ரப்பர் பால் உறையவைக்கத் தோட்டத்தில் வைத்திருப்பார்களே, அதைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து துடைத்துப் பார். கையில் படாமல் பார்த்துக்கொள்.

மரவேலைக்காரன்

ஐயா, அது வேண்டாம். பால் உறையவைப்பது ஃபார்மிக் ஆசிட். மரக் கறைக்குச் சொல்வது ஆக்ஸாலிக் ஆசிட். இரண்டும் ஆசிட்தான், ஆனால் வேறு வேறு. ஃபார்மிக் தோலில் பட்டால் புண்ணாகிவிடும், ஆவியும் மூக்கை எரிக்கும்.

தம்பி, வார்னிஷை மறந்துவிடுங்கள். ஒட்டுகிற எண்ணெய்மேல் வார்னிஷ் அடித்தால் அது பிடிக்காது, சீக்கிரமே தோல் உரிவதுபோல் உரியும். முதலில் அந்தக் கரும்புள்ளி என்ன என்று தெரிய வேண்டும். ஒரு புள்ளிமேல் கிளோராக்ஸ் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பாருங்கள். வெளுத்தால் பூஞ்சை. அப்படியே இருந்தால் பெரும்பாலும் இரும்புக் கறை. பிறகு அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இன்னொரு கேள்வி: தளம் போட்ட பிறகு மேலே இரும்பு வேலை ஏதாவது நடந்ததா?

தாமான் வாசி

அண்ணே, சொட்டு விட்டுப் பார்த்தேன். சுற்றியிருந்த மரம் கொஞ்சம் வெளிறியது, புள்ளி அசையவில்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம், சில புள்ளி நடுவில் நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஏதோ பொடி. பாசி இடத்தில் மட்டும் நன்றாக வெளுத்தது.

இரும்பு வேலை நடந்தது. போன வருஷம் மழைக்கு ஆவ்னிங் கூரை போட்டார்கள். தளத்தின்மேலேயே நின்று இரும்புக் குழாயை கிரைண்டரில் வெட்டினார்கள்.

மரவேலைக்காரன்

அதேதான். கிரைண்டரில் பறந்த தீப்பொறி எல்லாம் இரும்புத் தூள். மெர்பாவில் டானின், அதாவது மரத்தில் இயல்பாகவே இருக்கும் துவர்ப்புச் சத்து, நிறைய. இரும்பும் டானினும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கிளோராக்ஸ் அதை ஒன்றும் செய்யவில்லை. பூசினவர்மேல் எண்ணெய் ஒட்டுகிற குறையை மட்டும் சொல்லலாம், புள்ளி அவர் வேலையில்லை.

எண்ணெய் ஏன் காயவில்லை? மெர்பாவ் கெட்டி மரம், கொஞ்சம்தான் குடிக்கும். குடிக்காத மிச்சத்தைப் பூசின 15, 20 நிமிடத்தில் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அவர் துடைக்கவில்லை, அதற்குமேல் இன்னொரு கோட். அதோடு தீபாவளிச் சமயம் நம் பக்கம் மாலை தவறாமல் இடியும் மழையும். கழுவின ஈரம் உள்ளே இருக்கும்போதே பூசியிருப்பார்.

இனி செய்ய வேண்டியது. தர்ப்பென்டைன் நனைத்த துணியும் வெள்ளைத் தேய்ப்பு பேடும் வைத்துப் பிசுபிசுப்பை எடுங்கள். ஸ்டீல் வுல் (இரும்பு நார்) மட்டும் தொடாதீர்கள், அதன் துகள் நாளைக்குப் புதுப் புள்ளி. பிசுக்கு அப்படியும் போகாத இடத்துக்கு டெக் ஸ்ட்ரிப்பர் (பழைய பூச்சைக் கரைத்து எடுப்பது) வேண்டியிருக்கும். அப்புறம் ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட், கரைத்து நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவினால் பாசியும் போகும். தேய்ப்பது பலகை ஓடும் திசையிலேயே இருக்கட்டும். வாட்டர்ஜெட் வேண்டாம், கிட்டே பிடித்தால் மர நார் எழும்பிப் பஞ்சுபோல் ஆகிவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் 60 அல்லது 80 நம்பர் சாண்ட்பேப்பர். அதைவிட நைசாகத் தேய்த்தால் மரம் எண்ணெய் குடிக்காது. தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள். பதிந்த இரும்புத் தூளும் இதில்தான் வெளியே வரும். தூளை விட்டுவிட்டு ஆசிட் மட்டும் அடித்தால் அடுத்த மழைக்கே புள்ளி திரும்பும்.

பிறகு ஆக்ஸாலிக். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 முதல் 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். பூசி 15 நிமிடம் விட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். விஷம், பிள்ளைகளும் நாயும் கிட்டே வரக்கூடாது. முக்கியமாக, கிளோராக்ஸ் போட்ட இடத்தில் ஆசிட்டைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

மெர்பாவைக் கழுவினால் சிவப்புத் தண்ணீர் வடியும். பக்கத்து சிமெண்டுத் தரையை முன்கூட்டியே நனைத்து, தண்ணீர் தேங்காமல் ஓட விடுங்கள்.

குடும்பத்தலைவி

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது உள்ளே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துத் தனித்தனியாகக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவிட்டு அப்புறம் குப்பைக்கு.

தாமான் வாசி

எல்லாருக்கும் நன்றி. ஒரு மூலையில் செய்து பார்த்தேன். ஆக்ஸாலிக் பட்டதும் புள்ளி கண்ணெதிரே கரைந்து, மரம் செம்பொன்னிறத்துக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, முழுத் தளத்தையும் உடனே செய் என்கிறார். இனி எண்ணெய் எப்போது பூசலாம்? நிறமில்லாத எண்ணெய் போதுமா? மரத்தின் சொந்த நிறம் தெரியட்டும் என்று பார்க்கிறேன்.

மரவேலைக்காரன்

தேதி பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். அங்கங்கே தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சினால் மரம் எண்ணெய் குடிக்கும். முத்து முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும். தெளித்த ஈரமும் காய்ந்த பிறகுதான் பூச்சு. பலகையின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள், மேலே காய்ந்து கீழே ஈரமாக இருக்கும். மழைக்காலம் என்றால் கழுவிக் காயவிட்டு, ஜூன், ஜூலையில் பூசுங்கள். நம் பக்கம் அப்போதுதான் மழை குறைவு.

நிறமில்லாதது வேண்டாம். வெயிலைத் தடுப்பதே அந்த நிறத்தூள்தான். நிறமில்லாமல் பூசினால் மரம் சீக்கிரம் வெளிறிச் சாம்பலாகும். மெர்பாவுக்கென்றே லேசான செம்பழுப்பு கிடைக்கும், அதை வாங்குங்கள். காலை வெயில் ஏறுமுன் தொடங்கி, இரண்டு மூன்று பலகையாக ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுங்கள். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். மெல்லிசாக ஒரு கோட், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டின்னில் இரண்டு கோட் என்று போட்டிருந்தாலும், முதலாவது காய்ந்த பிறகு மரம் இன்னும் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஆவ்னிங்கில் வெட்டிய முனைகளுக்கும் துருத் தடுப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள், அங்கிருந்தும் துருத் தண்ணீர் சொட்டும்.