மொரிஷியஸிலிருந்து ரீயூனியன்: எரிமலை தெரிய இடது ஜன்னலா, வலது ஜன்னலா?

ரோஸ்ஹில் வள்ளி
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு ரீயூனியனில் சேன் ஆந்த்ரேயில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி, மலை ஏறவெல்லாம் முடியாது. ஆனால் 1977-ல் சேன்த் ரோஸ் பக்கம் நெருப்புக் குழம்பு தேவாலயத்தைச் சுற்றி வந்து நின்றதைப் பெரியம்மா கடிதத்தில் எழுதிய நாளிலிருந்து அந்த மலையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன வருடம் நான் தனியாகப் போனபோது போக, வர இரண்டுக்கும் ‘ஏ’ இருக்கையே எடுத்துவிட்டேன். போனது மதியம், மலை முழுக்க மேகம். வரும்போது கடலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை தவறக்கூடாது, எதை எடுக்கட்டும்?

மாயேபூர் சேகர்
அக்கா, ‘ஏ’ எப்போதும் இடது பக்கம்தான், திரும்பும்போது திசை மாறிவிடுவதால் அதே எழுத்து எதிர்ப்பக்கத்தைக் காட்டும். ரீயூனியன் நமக்கு மேற்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து இருக்கிறது. விமானம் தீவின் வடகரையை ஒட்டிப் போகும், அதனால் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பித்தோன் தெ நேஜ், அதற்கும் தென்கிழக்கே எரிமலையான பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், இரண்டுமே இடது ஜன்னலில். வரும்போது வலது. காலை முதல் விமானத்தையே எடுங்கள், ஒன்பது பத்து மணிக்கு மேல் மலையில் மேகம் ஏறத் தொடங்கிவிடும். இன்னொன்று, ஆகஸ்டில் நமக்குச் சூரியன் வடக்கே, இடது ஜன்னல் தெற்கே பார்க்கும், அதனால் கண் கூசாது.

ஏடிஆர் 72 விமானம் என்றால் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே மறைக்காது. என்ஜினுக்கு நேராக மட்டும் உட்கார வேண்டாம். ஏறுவது பின்கதவு வழியாக, அதனால் பின்வரிசை எடுத்தால் அம்மாவுக்கு நடையும் குறைவு.

ரோஸ்ஹில் வள்ளி
நன்றி தம்பி. நம் மொரிஷியஸின் தென்மேற்கு மூலையில் இருக்கும் லெ மோர்ன் மலையும் இடது பக்கம்தானா?

மாயேபூர் சேகர்
இல்லை அக்கா, அது வலது பக்கம். நம் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் பெரும்பாலும் தென்கிழக்குக் காற்றை எதிர்த்துக் கடல் பக்கமாக ஏறி, வலது கைப்பக்கம் வளைந்து தென்கரை ஓரமாகப் போவார்கள், அப்போது லெ மோர்ன் வலது ஜன்னலில் வரும். பறப்பதே முக்கால் மணி நேரம்தான், இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

சேன் தெனி மருமகள்
நான் ரீயூனியனில் இருக்கிறேன் அக்கா. இங்கேயும் அதே காற்றுதான். பெரும்பாலான நாட்களில் விமானம் நகரத்தைத் தாண்டி மேற்கே போய், கடல் மேல் இடப்பக்கம் திரும்பி வந்து இறங்கும். அப்படித் திரும்பியதும் தீவு வலது பக்கம் போய்விடும். அந்தக் கடைசி சில நிமிடத்தில் மலை காணோமே என்று அம்மா கவலைப்பட வேண்டாம், பார்க்க வேண்டியதை அதற்கு முன்பே பார்த்திருப்பார்.

ஒன்றை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமானத்திலிருந்து எரிமலை 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும், அகன்ற முதுகுதான் தெரியும், வாய் தெரியாது. 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் இடிந்து உள்ளே இறங்கியது, அந்த மலையைக் கிட்டத்தில் பார்க்க பா தெ பெல்கோம்ப் என்ற காட்சிமுனை வரை காரிலேயே போகலாம். 2,311 மீட்டர் உயரம், ஏற வேண்டியதே இல்லை, ஆனால் ஆகஸ்டில் நல்ல குளிர், கம்பளிச் சட்டை கட்டாயம். அங்கேயும் விடியற்காலையில்தான் போக வேண்டும், இல்லையென்றால் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

ரோஸ்ஹில் வள்ளி
கார் போகும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது! சரி, லெ மோர்னை ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். போக காலை முதல் விமானம், இடது பின்வரிசை ஜன்னல் அம்மாவுக்கு, வர வலது, பதிவு செய்துவிட்டேன். பெரியம்மா மகனிடம் காருக்கும் சொல்லியாயிற்று. அம்மா இப்போதே பெட்டியில் கம்பளிச் சட்டை எடுத்து வைத்துவிட்டார்.